வருகைப் பதிவேட்டிலிருந்து பிட்மேப் வரை

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் முதல் மேல்நிலைப்பள்ளி ஆசிரியர்கள் வரை இந்த அரங்கில் இருக்கிறீர்கள். 'தரவுத்தளங்களில் சுருக்கப்பட்ட பிட்மேப்' என்ற தலைப்பைப் பார்த்ததும், "இது கணினி ஆசிரியர்களுக்கான உரை, நமக்கு வேலையில்லை" என்று சிலர் நினைத்திருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த உரைக்கு மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும். வருகைப் பதிவேடு எழுதத் தெரிய வேண்டும். வகுத்தலில் ஈவும் மீதியும் தெரிய வேண்டும். ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் வரும் கணங்களின் சேர்ப்பும் வெட்டும் தெரிய வேண்டும். இவை மூன்றும் இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்லப் போகிறேன். ஒரு கோடிப் பதிவுகளிலிருந்து நாம் கேட்டவற்றைக் கணினி எப்படிக் கண்ணிமைக்கும் நேரத்தில் வடிகட்டித் தருகிறது என்பது முதல் செய்தி. அப்படி வடிகட்டுவதற்கு வேண்டிய குறிப்புகளை எப்படிச் சுருக்கி வைக்கிறார்கள் என்பது இரண்டாவது. நாம் இடுகிற ஒரே ஒரு பூஜ்ஜியத்தால் ஒரு குழந்தை எப்படிப் பட்டியலிலிருந்து காணாமல் போகக்கூடும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் மூன்றாவதைப் புரிந்துகொள்வதற்காகத்தான்.

கிடையாகவும் செங்குத்தாகவும்

வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவியின் பெயருக்கு நேராகக் கிடையாகப் படித்தால், அந்த மாதம் அவர் எத்தனை நாள் வந்தார் என்று தெரியும். ஒரு தேதியின் கீழ்ச் செங்குத்தாகப் படித்தால், அன்று வகுப்புக்கு யார் யார் வந்தார்கள் என்று தெரியும். குறிகள் அதே குறிகள்தாம். படிக்கும் திசை மாறினால் பதில் சொல்லக்கூடிய கேள்வியும் மாறிவிடுகிறது.

கணினியின் தரவுத்தளமும் இப்படித்தான். பெரும்பாலான தரவுத்தளங்கள் ஒருவரைப் பற்றிய விவரங்களை ஒரே இடத்தில் கிடையாக வைத்திருக்கும். பெயர், வகுப்பு, பயிற்று மொழி, பள்ளிக்கு வரும் முறை என்று வரிசையாக இருக்கும். ஒரு மாணவியின் எண்ணைக் கொடுத்து, "இவரைப் பற்றிச் சொல்" என்று கேட்டால் உடனே சொல்லிவிடும். "பேருந்தில் வருபவர்களில் சதுரங்கம் தெரிந்தவர்கள் யார்?" என்று கேட்டால், வேறு ஏற்பாடு எதுவும் இல்லாத நிலையில், ஒவ்வொரு பதிவாகத் திறந்து பார்க்க வேண்டும். நாற்பது பேர் என்றால் சிரமம் இல்லை. ஒரு கோடிப் பேர் என்றால் அது பெரிய வேலை.

இந்த இடத்தில் ஒரு சொல்லை அறிமுகப்படுத்துகிறேன். மெட்டாடேட்டா, அதாவது தரவைப் பற்றிய தரவு. நூலகத்தில் ஒரு நூலின் உள்ளே இருப்பது அதன் பொருள். நூலட்டையில் இருக்கும் ஆசிரியர் பெயர், மொழி, ஆண்டு, பாட எண் ஆகியவை அந்த நூலைப் பற்றிய விவரங்கள். இவைதாம் மெட்டாடேட்டா. ஒரு காணொலிப் பாடத்துக்கு வகுப்பு, பாடம், மொழி, கால அளவு ஆகியவை மெட்டாடேட்டா. "ஆறாம் வகுப்பு, அறிவியல், தமிழ்வழி" என்று மூன்று பெட்டிகளில் டிக் அடித்துத் தேடுகிறோம் அல்லவா? அதுதான் மெட்டாடேட்டா வடிகட்டல்.

அப்படி வடிகட்டுவதற்கு ஒரு நல்ல வழி, செங்குத்துப் பத்தியைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வது. பன்னிரண்டு மாணவர்கள் இருக்கும் ஒரு சிறு வகுப்பை வைத்துப் பார்ப்போம். பேருந்தில் வருகிறவர்களுக்கு 1, மற்றவர்களுக்கு 0 என்று வரிசை எண்படி எழுதுவோம். 1, 4, 5, 9, 11 ஆகிய எண்களுக்கு உரியவர்கள் பேருந்தில் வருகிறார்கள் என்றால்:

பேருந்து: 100110001010

சதுரங்கம் தெரிந்தவர்கள் 2, 4, 7, 9, 12 என்றால்:

சதுரங்கம்: 010100101001

இந்த இரண்டு வரிகளையும் கீழும் மேலுமாக வைத்து, இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 போடுங்கள்:

இரண்டும்: 000100001000

நான்காம் மாணவரும் ஒன்பதாம் மாணவரும் கிடைத்துவிட்டார்கள். யாருடைய பதிவையும் திறக்கவில்லை. இன்னொரு கேள்வி: மாலை நேரச் சதுரங்கப் பயிற்சிக்கு, பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டாதவர்கள் வேண்டும். பேருந்து வரியில் 0 இருந்து, சதுரங்க வரியில் 1 இருக்கும் இடங்களைப் பாருங்கள். 2, 7, 12 கிடைக்கும். வெட்டு, சேர்ப்பு, நிரப்புக் கணம் என்று கரும்பலகையில் வட்டங்கள் வரைந்து நாம் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இப்படி ஒரு பண்புக்கு ஒரு வரியாக எழுதப்படும் 0, 1 தொடருக்குத்தான் பிட்மேப் என்று பெயர்.

ஓர் ஆசிரியர் தந்த கணிதம்

இந்தக் கணிதத்துக்குப் பெயர் தந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஜார்ஜ் பூல் 1815இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி. குடும்பத்தைத் தாங்குவதற்காகப் பதினாறு வயதிலேயே உதவி ஆசிரியராக வேலைக்குப் போனார். இருபது வயது நிறைவதற்குள் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். பகலில் பாடம் நடத்திக்கொண்டு, உயர்கணிதத்தைத் தாமாகவே கற்றார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமலே 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்த குவீன்ஸ் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். 'உம்', 'அல்லது', 'அல்ல' என்று நாம் பேச்சில் பயன்படுத்தும் இணைப்புகளைக் கூட்டல், பெருக்கல்போலக் கணக்காக்க முடியும் என்று 1847இலும் 1854இலும் வெளியான நூல்களில் காட்டினார். பதினோராம் வகுப்பில் நாம் நடத்தும் பூலியன் இயற்கணிதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1937இல் கிளாட் ஷானன் தம் முதுநிலை ஆய்வேட்டில், மின்சுற்றுகளின் விசைகளுக்கு இந்த இயற்கணிதம் அப்படியே பொருந்துகிறது என்று காட்டினார். அதன் பிறகே அது இயந்திரங்களின் மொழியானது.

கணினிக்கு முன்பே இந்த வடிகட்டலை அட்டைகளில் செய்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஹோரஸ் டெய்லர் என்பவர் பறவைகளை இனங்காண்பதற்காக ஓர் ஏற்பாட்டுக்கு 1915இல் காப்புரிமை பெற்றார். ஒரு பண்புக்கு ஓர் அட்டை. அட்டையில் ஒவ்வொரு பறவைக்கும் ஓர் இடம். அந்தப் பண்பு உள்ள பறவையின் இடத்தில் துளை இருக்கும். நாம் பார்த்த பறவையின் பண்புகளுக்குரிய அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், எல்லா அட்டைகளையும் கடந்து ஒளி வரும் இடமே விடை. 1940களில் பிரிட்டனில் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய டபிள்யூ. இ. பேட்டன், காப்புரிமை ஆவணங்களைத் தேடுவதற்கு இதே முறையைப் பயன்படுத்தினார். அந்த அட்டைகளுக்கு 'பீக்-அ-பூ' என்று செல்லப்பெயரும் வந்தது. முகத்தை மறைத்து மறைத்துக் காட்டிக் கைக்குழந்தையைச் சிரிக்கவைக்கும் விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர்.

துளை என்றால் 1, துளை இல்லை என்றால் 0. அந்த அட்டைதான் பிட்மேப். கணினியில் இது புழக்கத்துக்கு வந்த விதத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மாடல் 204 என்ற தரவுத்தளத்தில் இம்முறை எப்படிச் செயல்படுகிறது என்று பேட்ரிக் ஓ'நீல் 1987இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். பிறகு ஆரக்கிள் உள்ளிட்ட பெரிய தரவுத்தளங்களும் பிட்மேப் இன்டெக்ஸைக் கொண்டுவந்தன.

ஒரு கோடிக்குக் கணக்குப் போடுவோம்

இப்போது அளவைப் பார்ப்போம். ஒரு கோடிப் பதிவுகளுக்கு ஒரு பிட்மேப் என்றால் ஒரு கோடி பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 12,50,000 பைட், அதாவது 1.25 மெகாபைட். கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும். இன்றைய கணினிச் செயலிகள் ஒரே கட்டளையில் 64 பிட்டுகளைக் கையாளும். ஒரு கோடியை 64ஆல் வகுத்தால் 1,56,250. இரண்டு பண்புகளின் வெட்டைக் காண இத்தனை படிகள் போதும். நொடிக்கு நூறு கோடிப் படிகளுக்கு மேல் செய்யும் செயலிக்கு இது எம்மாத்திரம்!

அப்படியென்றால் சுருக்க வேண்டிய தேவை எங்கே வருகிறது? பண்புக்கு இரண்டே விடைகள் இருக்கும்வரை கவலை இல்லை. மாவட்டம் என்ற விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், எனவே 38 பிட்மேப்புகள். 38 × 1.25 = 47.5 மெகாபைட். இதுவும் பரவாயில்லை. பிறந்த தேதிக்கு வருவோம். பதினைந்து ஆண்டுகளில் பிறந்தவர்கள் என்றால் சுமார் 5,480 தேதிகள். தேதிக்கு ஒரு பிட்மேப் வைத்தால் 5,480 × 1.25, ஏறத்தாழ 6,850 மெகாபைட். ஆனால் ஒருவருக்கு ஒரே பிறந்த தேதிதானே? எல்லாப் பிட்மேப்புகளையும் சேர்த்தாலும் ஒரு கோடி 1கள்தாம் இருக்கும். மற்றவை எல்லாம் பூஜ்ஜியங்கள். ஒரு தேதிக்குரிய ஒரு கோடி இடங்களில் சராசரியாக 1,825 இடங்களில் மட்டும் 1 இருக்கும். பூஜ்ஜியங்களைச் சேமிப்பதற்காகவே இவ்வளவு இடமா என்ற கேள்வி எழுகிறது. சுருக்கும் முறைகள் இந்தக் கேள்விக்கான விடைகள்.

முதல் முறை: எத்தனை என்று சொல்வது

எளிய முறை, ஒரே குறி தொடர்ந்து வந்தால் அதைத் திரும்பத் திரும்ப எழுதாமல் எண்ணிக்கையைச் சொல்வது. 'பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம்' என்று ஆயிரம் முறை எழுதுவதற்குப் பதில் 'ஆயிரம் பூஜ்ஜியம்' என்று எழுதிவிடலாம். ஒருகாலத்தில் அலுவலகங்களில் ஓயாமல் ஓடிய ஃபேக்ஸ் இயந்திரம் இந்த வழியைத்தான் பின்பற்றியது. ஏ4 தாளின் அகலத்தில் ஒரு வரிக்கு 1,728 புள்ளிகள். எழுத்தில்லாத இடமெல்லாம் வெள்ளை. எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்பு, மறுபடி எத்தனை வெள்ளை என்று நீளங்களை மட்டும் குறியீடாக்கி அனுப்பும்.

1990களிலும் அதற்குப் பின்னரும் தரவுத்தளங்களுக்காக இந்த எண்ணத்தைப் பலவாறு செம்மைப்படுத்தினார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. எழுபது லட்சமாவது இடத்தில் இருப்பது 0வா 1ஆ என்று கேட்டால், முதலிலிருந்து ஒவ்வொரு தொடரின் நீளத்தையும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். பக்க எண் இல்லாத புத்தகத்தில் நூறாம் பக்கத்தைத் தேடுவதைப்போன்ற வேலை அது.

இரண்டாவது முறை: பெட்டிக்கு ஏற்ற உத்தி

இதற்கு ஒரு நல்ல தீர்வைக் கனடாவின் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஸமி ஷாம்பி, டேனியல் லெமிர், ஓவன் கேசர், ராபர்ட் கோடின் ஆகியோர் 2014இல் வெளியிட்டார்கள். அதற்கு 'ரோரிங் பிட்மேப்' என்று பெயரிட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள நாம் தினமும் செய்யும் ஒரு வேலையை நினைத்துப் பாருங்கள்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில், கனமழை நாளில் மூன்றே பேர் வந்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் கேட்டால் என்ன சொல்வோம்? "7, 19, 33 ஆகியோர் மட்டும் வந்திருக்கிறார்கள்" என்போம். பாதிப் பேர் அங்கொருவர் இங்கொருவராக வந்திருந்தால், பெயர் சொல்லிப் பயனில்லை, பதிவேட்டையே நீட்டிவிடுவோம். முதல் இருபது பேர் வகுப்பிலும் மற்றவர்கள் அறிவியல் கண்காட்சியிலும் இருந்தால், "1 முதல் 20 வரை இருக்கிறார்கள்" என்போம். நிலைமைக்கு ஏற்றபடி மிகச் சுருக்கமான வழியைத் தேர்ந்துகொள்கிறோம். ரோரிங் பிட்மேப்பும் இதையே செய்கிறது.

முதலில் எண்களைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறது. ஒரு பெட்டிக்கு 65,536 இடங்கள். 2ஐ 16 முறை பெருக்கினால் வரும் எண் அது. எந்தப் பதிவு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அறிய வகுத்தல் போதும். 1,40,000ஆவது எண்ணை 65,536ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 8,928. ஈவு பெட்டியின் எண், மீதி பெட்டிக்குள் இருக்கும் இடம். ஒரு கோடிப் பதிவுகளுக்கு 153 பெட்டிகள் போதும். எழுபது லட்சமாவது இடம் வேண்டுமென்றால் நேராக அந்தப் பெட்டிக்கே போய்விடலாம்.

பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே முடிவு செய்கிறது. பெட்டிக்குள் 1கள் குறைவாக இருந்தால், அவற்றின் இட எண்களை மட்டும் பட்டியலாக வைத்துக்கொள்ளும். ஓர் எண்ணுக்கு 2 பைட். 1கள் நிறைய இருந்தால் பெட்டி முழுவதற்கும் 0, 1 என்று எழுதிவிடும். 65,536 பிட் என்றால் 8,192 பைட். எங்கே மாறுவது? 4,096 எண்களைப் பட்டியலிட்டால் 4,096 × 2 = 8,192 பைட். இரண்டும் சமமாகும் இடம் அதுதான். எனவே 4,096 வரை பட்டியல், அதற்கு மேல் முழு வரி. தொடர்ச்சியாக 1கள் வரும் பெட்டிகளுக்கு 'இதிலிருந்து இதுவரை' என்று குறிக்கும் மூன்றாவது வகையைப் பின்னர் சேர்த்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இந்த எல்லையைக் கணக்கிட்டுவிடுவார்கள். உலகெங்கும் பயன்படும் ஒரு மென்பொருளின் மையத்தில் இருக்கும் கணக்கு இவ்வளவுதான்.

நம் பிறந்த தேதிக் கணக்குக்குத் திரும்புவோம். ஒரு தேதிக்குச் சராசரியாக 1,825 எண்கள். எண்ணுக்கு 2 பைட் என்றால் 3,650 பைட். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளுக்கு இன்னும் ஓராயிரம் பைட்டுக்குச் சற்று மேல். 12,50,000 பைட் தேவைப்பட்ட இடத்தில் சுமார் 5,000 பைட் போதும். எல்லாத் தேதிகளையும் சேர்த்தாலும், 6,850 மெகாபைட்டுக்குப் பதிலாக 30 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு சிறப்பும் உண்டு. இதை விரிக்காமலே கணக்குப் போடலாம். இரண்டு பண்புகளின் வெட்டைக் காணும்போது, ஒன்றில் ஒரு பெட்டி காலியாக இருந்தால் மற்றொன்றில் அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஒரு பக்கம் பத்து எண்கள் கொண்ட பட்டியல், மறு பக்கம் முழு வரி என்றால், அந்தப் பத்து இடங்களை மட்டும் சோதித்தால் போதும்.

இந்த நிரலை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். அதனால் வேகமாகப் பரவியது. அப்பாச்சி ஸ்பார்க், டுரூயிட், கிளிக்ஹவுஸ் போன்ற பெருந்தரவு மென்பொருள்களில் இது இருக்கிறது. லூசீன் என்ற தேடுபொறி நூலகமும் இதே எண்ணத்தைக் கையாள்கிறது. இப்போது பரவிவரும், சொல்லைக் கொண்டு தேடாமல் பொருளைக் கொண்டு தேடும் முறைகளிலும், 'இந்த வகுப்பு, இந்த மொழி' என்று எல்லை வகுப்பதற்குப் பிட்மேப் உதவுகிறது.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆளுக்கு ஆள் வேறுபடும் அடையாள எண்ணைத் தேடுவதற்குப் பிட்மேப் ஏற்றதன்று. அதற்கு அகராதியைப் புரட்டுவதுபோல வரிசைப்படுத்தித் தேடும் முறைகள் உள்ளன. நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும் தரவுகளுக்கும் மரபான பிட்மேப் இன்டெக்ஸ் சுமையாகிவிடும்.

பூஜ்ஜியத்துக்கு இரண்டு பொருள் இருக்கலாமா?

இனி மூன்றாவது செய்தி. இதைத்தான் நீங்கள் முக்கியமாக எடுத்துச் செல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் கண் பரிசோதனை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்குக் கண்ணாடி தேவை. முப்பது பேருக்குத் தேவையில்லை. நான்கு பேர் அன்று பள்ளிக்கு வரவில்லை. 'கண்ணாடி தேவை' என்ற பத்தியில் ஆறு பேருக்கு 1 போடுகிறோம். மற்ற இடங்களில் 0. கணக்கு முடிந்தது. கணினியிடம் "கண்ணாடி தேவைப்படாதவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டால் 34 என்று சொல்லும். அந்த 34இல் நான்கு பேரின் கண்களை யாருமே பார்க்கவில்லை. கரும்பலகையில் எழுதுவது தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அந்த நான்கு பேரில் ஒருவராக இருக்கலாம். பட்டியலைப் பொறுத்தவரை அவருக்குக் குறை ஏதும் இல்லை.

இங்கே 0 என்ற ஒரே குறி இரண்டு பொருளைச் சுமக்கிறது. ஒன்று, 'பார்த்தோம், இல்லை' என்பது. மற்றொன்று, 'இன்னும் பார்க்கவில்லை' என்பது. பிட்டுக்கு இரண்டு நிலைகள்தாம் உண்டு. மூன்றாவது நிலையைச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

நிரப்பாமல் விட்டுவிட்டால் சரியாகிவிடுமா? பன்னிரண்டாம் வகுப்பில் நாம் கற்றுத்தரும் எஸ்.கியூ.எல். மொழியில், நிரப்பாத இடத்துக்கு 'நல்' என்று பெயர். அங்கே 'ஆம் என்று உள்ளவர்களைத் தா' என்று கேட்டாலும் அந்த நால்வர் வரமாட்டார்கள். 'ஆம் என்று இல்லாதவர்களைத் தா' என்று கேட்டாலும் வரமாட்டார்கள். முதல் வழியில் அவர்கள் தவறான பட்டியலில் இருந்தார்கள். இரண்டாவது வழியில் எந்தப் பட்டியலிலும் இல்லை. 'நிரப்பப்படாதவர்களைத் தா' என்று யாராவது தனியாகக் கேட்டால் ஒழிய அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். வடிகட்டியில் தங்கியதைப் பார்க்கிறோம், கீழே போனதை யார் பார்க்கிறார்கள்?

தீர்வு எளியது. இன்னொரு பிட்மேப் வைக்க வேண்டும். 'பரிசோதனை நடந்ததா?' என்பது அதன் கேள்வி. நடந்தவர்களுக்கு 1, நடக்காதவர்களுக்கு 0. 'பரிசோதனை நடந்தது' என்பதையும் 'தேவை இல்லை' என்பதையும் வெட்டினால் முப்பது பேர் கிடைப்பார்கள். 'நடக்கவில்லை' என்று கேட்டால் நால்வரும் பெயர் பெயராக வந்து நிற்பார்கள். சுருக்கிய பிட்மேப்பாக இருந்தால் இந்தக் கூடுதல் வரிக்கு ஆகும் இடம் மிகக் குறைவு. நன்றாக வடிவமைக்கப்பட்ட தரவுத்தளங்கள் 'தெரியாது' என்பதற்கும் தனி இடம் வைத்திருக்கும்.

மென்பொருளை நாம் வடிவமைப்பதில்லை. ஆனால் அதில் 0, 1 இடுகிறவர்கள் நாம்தான். உதவித்தொகை, மிதிவண்டி, மருத்துவ முகாம் என்று எந்தப் பட்டியலாக இருந்தாலும், நாம் இட்ட குறியை வைத்துத்தான் எங்கோ ஒரு கணினி வடிகட்டுகிறது. அது நம்மைத் திரும்பக் கூப்பிட்டு, "இந்த 0, இல்லை என்ற 0வா, கேட்கவில்லை என்ற 0வா?" என்று விசாரிக்காது. அதனால் எந்தப் பட்டியலை அனுப்பும் முன்பும் ஒரு கூட்டலைச் செய்து பாருங்கள். ஆம் என்றவர்கள், இல்லை என்றவர்கள், தெரியாதவர்கள் ஆகிய மூன்றையும் கூட்டினால் வகுப்பின் எண்ணிக்கை வர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 6 + 30 + 4 = 40. 'தெரியாதவர்' என்ற எண்ணை யாரும் கேட்காவிட்டாலும், நம் குறிப்பேட்டிலாவது அது இருக்கட்டும்.

வகுப்பறையில் எப்படிச் செய்வது?

இதற்குக் கணினி வேண்டாம். பழைய திருமண அழைப்பிதழ் அட்டைகளும் ஒரு பஞ்சிங் மெஷினும் போதும். எல்லா அட்டைகளையும் ஒரே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். பஞ்சிங் மெஷின் ஓரங்களில்தான் துளையிடும் என்பதால், நாற்பது இடங்களை அட்டையின் நான்கு ஓரங்களிலும் சுற்றிக் குறித்து எண் இடுங்கள். எல்லா அட்டைகளிலும் அதே இடத்தில் அதே எண் வர வேண்டும். மேல் வலது மூலையைச் சிறிது வெட்டிவிட்டால் அட்டை தலைகீழாகப் போகாது. சைக்கிள் ஓட்டத் தெரியும், நீந்தத் தெரியும், சதுரங்கம் தெரியும், வீட்டில் ஆடு மாடு உண்டு என்று அட்டைக்கு ஒரு பண்பு எழுதுங்கள். பிள்ளைகளே வந்து தங்கள் எண்ணில் துளையிடட்டும். பிறகு இரண்டு அட்டைகளைச் சேர்த்து ஜன்னலுக்கு எதிரே பிடிக்கச் சொல்லுங்கள். ஒளி வரும் எண்ணுக்கு உரியவர் எழுந்து நிற்கட்டும். வெட்டுக் கணம் வகுப்பில் எழுந்து நிற்பதைப் பார்ப்பார்கள்.

சேர்ப்புக்கு, இரண்டு அட்டைகளின் துளைகள் வழியாகவும் ஒரே தாளில் பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லலாம். 'இல்லை' என்பதற்கு எதிர் அட்டை ஒன்று செய்ய வேண்டும். துளை இருந்த இடத்தில் துளை இல்லை, இல்லாத இடத்தில் துளை. அப்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று வராதவர்கள் இந்த எதிர் அட்டையில் எங்கே இருக்கிறார்கள்?" நீந்தத் தெரியாதவர்களுடன் அவர்களும் சேர்ந்திருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். 'கேட்டாயிற்று' என்று இன்னோர் அட்டை வேண்டும் என்றும் அவர்களே சொல்வார்கள். அதுதான் இந்தப் பாடத்தின் உச்சம்.

தொடக்க வகுப்புகளில் அட்டையே வேண்டாம். "சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் எழுந்திருங்கள். அவர்களில் நீந்தத் தெரியாதவர்கள் உட்காருங்கள்" என்று விளையாட்டாகச் செய்யலாம். நடுநிலை வகுப்புகளில், 'பத்து பூஜ்ஜியம், மூன்று ஒன்று' என்று சுருக்கி எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து விரிக்கச் சொல்லலாம். மேல்நிலையில் பைத்தானின் கணத் தரவு வகையைக் கொண்டு இதையே நிரலாக எழுதலாம்.

பண்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். சாதி, குடும்ப வருமானம், நோய் ஆகியவற்றை விளையாட்டுக்குக்கூட அட்டையாக்க வேண்டாம். இரண்டு மூன்று வடிகட்டிகளை அடுக்கினால் ஒரே ஒரு பிள்ளையில் வந்து நின்றுவிடும் என்பதை நம் பன்னிரண்டு பேர் எடுத்துக்காட்டிலேயே ஊகிக்கலாம். தரவைக் கையாளும்போது காக்க வேண்டிய மரியாதையையும் இந்த இடத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

நண்பர்களே, பூஜ்ஜியம், ஒன்று என்ற இரண்டே குறிகளைக் கொண்டு கோடிக்கணக்கான பதிவுகளைச் சலித்தெடுக்கும் வித்தையை இன்று பார்த்தோம். நாளை பள்ளிக்குப் போனதும், கடைசியாக நீங்கள் நிரப்பி அனுப்பிய ஒரு பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் 'இல்லை' என்று இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இவரைக் கேட்டேனா?" என்று ஒரு முறை பாருங்கள். கேட்காத ஒருவர் கிடைத்தாலும், அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.